வீட்டில் யாருக்காவது?

அன்புள்ள மருமகளே,

என்சைம் குறைவையெல்லாம் மயக்க டாக்டர் பார்த்துக்கொள்வார், நர்சுக்கு அதில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறாய். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறாயே!

உங்கள் பாரதியார் பல்கலைக்கழகத்து ஆர். பூபதியும் மற்ற ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்டதைத் தேடிப் படி. அந்த ஊர் வைசியச் சமூகத்தில் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற என்சைம் அறவே இல்லாதவர்கள் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு அதிகம். அதன் புரத வரிசையில் 307ஆவது இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின், அவ்வளவுதான் பிழை. ஆள் நன்றாகத்தான் இருப்பார், ஸ்கோலின் ஊசி போடும் நாள் வரை. மூச்சுக்குழலில் குழாய் இறக்கத் தசையைத் தளர்த்தும் அந்த மருந்தை நமக்கெல்லாம் இந்த என்சைம் சில நிமிடங்களில் கரைத்துவிடும். அவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சு திரும்பாது.

"அப்போ ஜாதி கேட்டுக் குறிச்சுக்கறேன் அத்தை" என்பாய். அடி அசடே! அந்தச் சமூகத்திலும் எல்லோருக்கும் இந்தக் குறை இல்லை. மற்றவர்களுக்கு வராது என்றும் இல்லை. ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் உட்கார்ந்து கேட்க வேண்டியது குடும்பக் கதையை. "வென்டிலேட்டரில் வைத்தார்களா?" என்றால் "இல்லை சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். "ஆபரேஷன் முடிஞ்சு யாருக்காவது முழிப்பு வர லேட்டாச்சா?" என்று கேள். "எங்க அண்ணன் ராத்திரி வரைக்கும் மெஷின்லயே இருந்தார்" என்று அப்போது வரும். அதை அலர்ஜிக் கட்டத்தில் போட்டு முடித்துவிடாதே. இது அலர்ஜி இல்லை. சொன்னதைச் சொன்னபடி கேஸ் ஷீட்டில் எழுது, மயக்க டாக்டரிடம் வாயாலும் சொல். அவர் வேறு மருந்து எடுத்துக்கொள்வார்.

ரத்தத்தில் என்சைம் குறைந்திருந்தாலே பிறவிக் குறை என்றும் முடிவுகட்டாதே. நம் போளூர்க்காரர் உருளைக்கிழங்குக்கு ஆர்கனோபாஸ்பேட் மருந்தடித்துவிட்டு வந்து படுத்தாலும் அது இறங்கியிருக்கும். ஸ்கோலினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதனால் தோட்ட வேலையையும் விசாரி.

கேட்டும் தப்பிப்போய், ஸ்கோலின் போட்டு மூச்சு வராமல் போய்விட்டதா? நியோஸ்டிக்மின் போட்டால் என்ன என்று யோசிப்பாய். அது இந்த என்சைமையே தடுப்பது, இன்னும் இழுத்துவிடலாம். மெஷினில் மூச்சு கொடுத்துக் காத்திருப்பதுதான் வைத்தியம். அசையாமல் கிடக்கிறார், தூங்குகிறார் என்று மட்டும் நினைக்காதே. மயக்கம் தெளிந்திருந்தால் எல்லாம் காதில் விழும், விரலை அசைத்துச் சொல்லத்தான் முடியாது. தூக்க மருந்து ஓடுகிறதா என்று பார். கட்டில் பக்கத்தில் நின்று சம்பளக் கதை பேசாதே; உன்னைத் தெரியாதா எனக்கு?

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்கோலின் என்ற பெயரைப் பெரிதாக எழுதச் சொல்லி டாக்டரை நச்சரி. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வருவது இந்தப் பிறவிக் குறை. கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் குறைந்தது நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவர்களையும் சோதனைக்கு வரச் சொல். அந்த டிஸ்சார்ஜ் காகிதத்தை பீரோவில் வைத்துப் பூட்டாமல் பர்ஸிலேயே வைத்துக்கொள்ளச் சொல்.

உன் அத்தை,
போளூர்