வீட்டு போனை ஃபைபருக்கு மாத்தப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுக்கோ

சேவூர் வீட்டு லேண்ட்லைனை ஃபைபருக்கு மாத்திடலாமான்னு கேட்டிருந்தே. மாத்தலாம் தங்கச்சி, நல்லதுதான். மழை பெய்ஞ்சா கரகரன்னு இரைச்சல், நாலு நாள் டயல் டோனே இல்லைங்கிற தொல்லையெல்லாம் ஃபைபர்ல இல்லை. ஆனா நீ பெங்களூர்ல இருக்கே. அந்த போனை எடுத்துப் பேசறது அம்மாவும் அப்பாவும். அதனால அவங்க கையில எதுவும் மாறாத மாதிரி இதைச் செஞ்சு முடிக்கணும். அதே நம்பர், அதே மணிச்சத்தம், கரண்ட் போனாலும் பேசற வசதி. இந்த மூணும் கிடைக்கும்னு உறுதியான பிறகு கையெழுத்துப் போடு.

கரண்ட் விஷயத்தை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா விக்க வர்றவங்க யாரும் இதைத் தானா சொல்ல மாட்டாங்க. பழைய செம்புக் கம்பியில எக்ஸ்சேஞ்சுல இருந்தே 48 வோல்ட் மின்சாரம் வருது. எக்ஸ்சேஞ்சுல பெரிய பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் இருக்கும். அதனாலதான் புயல்ல ஊரே இருட்டா இருந்தப்போவும் நம்ம வீட்டு போன் அடிச்சது. ஃபைபர்ல வர்றது வெறும் ஒளி. கண்ணாடி இழையில கரண்ட் வராது. சுவத்துல மாட்டற பாக்ஸுக்கு, அதை ஓ.என்.டி.ன்னு சொல்றாங்க, வீட்டு கரண்ட்தான். கரண்ட் போன அடுத்த நொடி போனும் போயிடும்.

பிரிட்டன்ல இதனால பெரிய சிக்கலே வந்தது. அங்க பழைய கம்பி போனை 2025 டிசம்பரோட நிறுத்தறதா இருந்தாங்க. தனியா இருக்கற வயசானவங்க கழுத்துல மாட்டிக்கற அவசர பட்டன் சில வீடுகள்ல மாத்தின பிறகு வேலை செய்யலை. அதுக்கப்புறம் கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளிட்டாங்க. லேண்ட்லைனை மட்டுமே நம்பி இருக்கறவங்களுக்குக் குறைஞ்சது ஒரு மணி நேரமாவது கரண்ட் இல்லாம அவசர நம்பரைக் கூப்பிடற வசதியை கம்பெனியே செஞ்சு தரணும்னு அங்க விதி. நம்ம ஊர்ல அந்த ஏற்பாட்டை நாமதான் செஞ்சுக்கணும்.

நம்ம வீட்டுல தறி மேல இருக்கற லைட்டுக்காக இன்வெர்ட்டர் இருக்கே, அந்த லைன்ல ஒரு பிளக் பாயின்ட் போட்டு பாக்ஸை அதுல மாட்டிடு. எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. இன்வெர்ட்டர் இல்லாத வீடுன்னா ரவுட்டருக்குன்னே மினி யு.பி.எஸ். கிடைக்குது. வாங்கும்போது அடாப்டர் மேல எழுதியிருக்கறதைப் பாரு: பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர் இருக்கும். வோல்ட் அச்சா பொருந்தணும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கணும். ரெண்டு மூணு மணி நேரம் தாங்கும். மாசாந்திர பராமரிப்புன்னு காலையில ஒன்பது மணிக்கு நிறுத்தற கரண்ட்டுக்கு அது பத்தாது, இன்வெர்ட்டர்தான் சரி. கரண்ட் பில் ஏறிடுமோன்னு அப்பா யோசிப்பார். பத்து வாட் பாக்ஸ் ராப்பகலா ஓடினாலும் ரெண்டு மாசத்துக்கு ஏறக்குறைய 14 யூனிட்தான் ஆகும்னு சொல்லு.

நம்ம பக்கம் சரியா இருந்தாலும் போதாது. கம்பத்துல இருக்கற பிரிப்பான் பெட்டிக்குக் கரண்ட் தேவையில்லை. ஆனா லைன் கிளம்பற இடத்துல மெஷின் இருக்கும், அதுக்குக் கரண்ட் வேணும். பி.எஸ்.என்.எல். ஃபைபரை ஊர் ஊரா கொண்டு வந்து கொடுக்கறது பெரும்பாலும் உள்ளூர் பார்ட்னர்கள்தான், பல ஊர்ல கேபிள் டி.வி. நடத்தறவங்களே. நம்ம ஊர் பார்ட்னர்கிட்ட நேரா கேளு: "அண்ணே, உங்க இடத்துல பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும்?" இதுக்குத் தயங்காம பதில் சொல்றவர்கிட்ட லைன் வாங்கு.

அடுத்தது நம்பர். 04173க்கு அப்புறம் வர்ற அந்த ஆறு இலக்கம் நம்ம சொந்தக்காரங்க பாதிப் பேருக்கு மனப்பாடம். சேலை கொடுக்கற முதலாளி, ஜரிகை கொண்டு வர்றவர், பாவு பிணைக்கற அண்ணன் எல்லார் நோட்டுலயும் அதுதான் இருக்கு. மொபைல் நம்பரைக் கம்பெனி மாத்தி எடுத்துட்டுப் போற வசதி 2011 ஜனவரியில நாடு முழுக்க வந்தது. லேண்ட்லைனுக்கு அந்த வசதி நம்ம நாட்டுல இல்லை. பி.எஸ்.என்.எல்.ல இருந்து ஜியோவுக்கோ ஏர்டெல்லுக்கோ போனா புது நம்பர்தான் கிடைக்கும். பழைய நம்பர் வேணும்னா பி.எஸ்.என்.எல்.குள்ளயே ஃபைபருக்கு மாறணும்.

அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. "பழைய லைனை சரண்டர் பண்ணிட்டு புது கனெக்‌ஷன் போட்டுக்கலாம், சீக்கிரம் முடியும்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதே. சரண்டர் பண்ணின நம்பரைத் திரும்பி வாங்கறது நம்ம கையில இல்லை. மனுவுல "இதே நம்பரோடு ஃபைபருக்கு மாற்றம்"னு எழுதச் சொல்லி, அதோட நகலை வாங்கி வை. புது லைன்ல பழைய நம்பர் அடிக்கறதைக் காதால கேட்ட பிறகு பழைய போனைக் கழட்டு.

மனு கொடுக்கறதுக்கு முன்னாடி லைன் யார் பேர்ல இருக்குன்னு பாரு. பல வீட்டுல அது இன்னும் தாத்தா பேர்லதான் இருக்கு. தாத்தா காலமாகிப் பல வருஷம் ஆகியிருக்கும், பில்லு மட்டும் அவர் பேர்ல வந்துட்டிருக்கும். முதல்ல பேர் மாத்தணும்: இறப்புச் சான்றிதழ், வாரிசுகள் ஆட்சேபம் இல்லைன்னு எழுதிக் கொடுக்கற கடிதம், ஆதார், போட்டோ. பழைய பாக்கி இருந்தா கட்டி முடிச்சிடு. லைன் வாங்கினப்போ கட்டின டெபாசிட் ரசீது பீரோவுல இருக்கான்னு அம்மாவைத் தேடச் சொல்லு, அந்தப் பணத்தைக் கணக்குல சேர்க்கச் சொல்லிக் கேக்கலாம்.

பிளானைப் பத்தி அதிகம் யோசிக்க வேண்டாம். ஒரு பேச்சுக்கு நொடிக்கு நூறு கிலோபிட் கூட தேவைப்படாது. எவ்வளவு சின்ன பிளானா இருந்தாலும் போன் தெளிவா கேக்கும், ஃபைபர் பிளான்கள்ல பேசறதுக்குத் தனிக் காசும் இல்லை. நூறு, இருநூறு எம்.பி.ன்னு தலையில கட்டப் பார்த்தா, பசங்க லீவுக்கு வரும்போது மாத்திக்கறோம்னு சொல்லிடு. மாச வாடகைக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும், அதையும் சேர்த்துக் கணக்குப் பாரு. பேச மட்டும் போதும், நெட்டே வேண்டாம்னு அப்பா உறுதியா இருந்தா, சிம் போட்டு வைக்கற மேஜை போன் ஒண்ணு வாங்கிடலாம். பார்க்க லேண்ட்லைன் மாதிரியே இருக்கும், உள்ளயே பேட்டரியும் இருக்கு. ஆனா நம்பர் மாறிடும். அந்த நம்பருக்கு நம்ம தொழில்ல இருக்கற மதிப்புக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

லைன் இழுக்க ஆள் வர்ற அன்னிக்கு நம்ம ஆள் ஒருத்தர் கட்டாயம் கூட நிக்கணும். விடிகாலையில தெருவுல பாவு நீட்டிப் போடற ஊர் நம்மது. குறுக்கே போற ஒயர் தாழ இருந்தா பாவு கொம்புல மாட்டும். பாவும் கெடும், ஒயரும் அறும். நல்ல உயரத்துல இழுக்கச் சொல்லு. துணி காயப்போடற கம்பியோட சேர்த்துக் கட்ட விடாதே. ஃபைபர் உள்ளே கண்ணாடி, மூலையில மடக்கி ஆணி அடிச்சா உடைஞ்சிடும். வளைவு அகலமா இருக்கணும். ஓட்டு வீடுன்னா விட்டத்து மேல எலி ஓடும், அதனால உள்ளே வர்ற பகுதிக்கு பி.வி.சி. குழாய் போடச் சொல்லு. வெட்டின நுனியைக் கண்ணுக்கு நேரா வைச்சுப் பார்க்க வேண்டாம்னு பிள்ளைங்ககிட்டயும் சொல்லி வை. பாக்ஸைத் தறிக்கூடத்துல மாட்டாதே. நூல் தூசி படிஞ்சா சூடாகும், குழித்தறிப் பக்கம் ஈரமும் இருக்கும். நடு ரூம்ல, ஆள் உயரத்துல, காத்து படற இடத்துல இருக்கட்டும்.

தறி ஓடற சத்தத்துல மொபைல் அடிக்கறது அப்பாவுக்குக் கேக்கவே கேக்காது. தறிக்கூடத்துல இருக்கற மணி போன் கேக்கும். அதனால அந்த போனும் வேலை செய்யணும். பாக்ஸ் பின்னாடி போன் ஒயர் மாட்ட சின்ன துளை இருக்கும், பழைய போனையே அதுல மாட்டலாம். போனுக்கு அடியில டோன், பல்ஸ்னு சுவிட்ச் இருந்தா டோன்ல வை. பல பாக்ஸுக்குப் பல்ஸ் புரியாது, மணி அடிக்கும் ஆனா நம்பர் போகாது. சுத்தற டயல் போனுக்கும் அதே கதிதான். வீட்டுக்குள்ள ஓடற பழைய எக்ஸ்டென்ஷன் ஒயரை வீணாக்க வேண்டாம், பாக்ஸுல இருந்து அதுக்கு இணைப்புக் கொடுத்தா எல்லா போனும் அடிக்கும். ஆனா அதுக்கு முன்னாடி வெளியில இருந்து வர்ற செம்பு ஒயரை முழுசா துண்டிச்சாகணும். ரெண்டும் ஒண்ணா இருந்தா எக்ஸ்சேஞ்சு கரண்ட் பாக்ஸுக்குள்ள போய் அது எரிஞ்சு போகலாம். மூணு நாலு பழைய மணி போன் சேர்ந்தா மணியை அடிக்க பாக்ஸுக்குத் தெம்பு பத்தாம போகலாம். அப்போ ரெண்டோட நிறுத்திக்கோ. ஒண்ணு ஒயர் உள்ள போனா இருக்கட்டும், கார்ட்லெஸ்ஸுக்குத் தனியா கரண்ட் வேணும்.

வந்தவர் கிளம்பறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாரு. மொபைல்ல இருந்து வீட்டுக்கு, வீட்டுல இருந்து மொபைலுக்கு. மொபைலுக்குப் போட முன்னாடி சைபர் சேர்க்கணும், 2021 ஜனவரி 15ல இருந்து அதுதான் விதி. உள்ளூர் நம்பர் ஆறு இலக்கத்துலயே போகுதா, 04173 சேர்க்கணுமான்னும் போட்டுப் பாரு. அப்புறம் மெயினை அணைச்சுட்டு இன்னொரு தடவை பேசு. இந்தக் கடைசி சோதனையை விட்டுடாதே.

பாக்ஸ் விளக்குகளை அம்மாவுக்குக் காட்டிக் கொடு. எல்.ஓ.எஸ்.னு எழுதின இடத்துல சிவப்பு மின்னினா வெளியில ஒயர் அறுந்திருக்கலாம், ஆளைக் கூப்பிடணும். அது இல்லாம போன் விளக்கு மட்டும் அணைஞ்சிருந்தா பாக்ஸை அணைச்சு ஒரு நிமிஷம் விட்டுப் போடச் சொல்லு, பல சமயம் அதுலயே சரியாகிடும். உள்ளூர் லைன்காரர் மொபைல் நம்பரைப் பெரிசா எழுதி பாக்ஸ் பக்கத்துல ஒட்டு. நல்லா சார்ஜ் ஏத்தின பட்டன் மொபைல் ஒண்ணும் அங்கேயே இருக்கட்டும். ராத்திரியில 108ஐக் கூப்பிட ஒரே ஒரு வழியை நம்பி இருக்கக் கூடாது.

ஃபைபரோட சேர்ந்து வர்ற லாபத்தையும் விட்டுடாதே. தடிச் சுவர் வீட்டுக்குள்ள சிக்னல் கிடைக்காத மொபைல்ல வைஃபை காலிங்கை ஆன் பண்ணி விடு. ஏர்டெல் 2019 டிசம்பர்லயும் ஜியோ 2020 ஜனவரியிலயும் கொண்டு வந்துட்டாங்க. அம்மா உன்னை வீடியோவுலயும் பார்க்கலாம்.

ஒண்ணே ஒண்ணு அம்மாகிட்ட அழுத்திச் சொல்லு. மாத்தற சமயத்துல "டிராய்ல இருந்து பேசறோம், ரெண்டு மணி நேரத்துல உங்க லைனைத் துண்டிக்கறோம், ஒண்ணை அழுத்துங்க"ன்னு போன் வந்தா வைச்சிடணும். டிராய்ங்கிறது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அது யார் லைனையும் துண்டிக்கறது இல்லை. ஓ.டி.பி., பேங்க் விவரம் எதுவும் போன்ல சொல்லக் கூடாது. பணம் போயிட்டா உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்குப் போட்டு, அப்புறம் உனக்குப் போடச் சொல்லு.