பிரம்மதண்டும் கசகசாவும்

பெங்களூரு பிரேசர் டவுனின் மளிகைக் கடைகளில் கசகசா கிடைக்கிறது. குருமாவில் அரைத்துச் சேர்க்கப்படும் இது, அபினிச் செடியின் விதையாகும். முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலே அபினி. எனவே, நடுவண் அரசின் உரிமம் பெற்றோரே இச்செடியைப் பயிரிடலாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த பிரம்மதண்டு, எவ்வுரிமமும் இன்றித் தரிசு நிலத்தில் முளைக்கிறது. பெயரில் பிரமன் இருப்பினும் பிறந்த நாடு மெக்சிகோ! இலையில் முள், பூ மஞ்சள், தண்டை ஒடித்தால் வடியும் பாலும் மஞ்சள். இதன் கரிய விதை கடுகை ஒத்தது. அவ்வொற்றுமையால் விளைந்த கேடு பெரிது. 1998ஆம் ஆண்டு தில்லியில், இவ்விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டோருக்குக் கால்கள் வீங்கின, மூச்சுத் திணறியது. ஏறத்தாழ 60 பேர் இறந்தனர். சமைப்பதற்காகச் சூடாக்கினாலும் அந்நஞ்சு முற்றிலும் நீங்குவதில்லை.

கடுகின் மேற்பரப்பு ஏறக்குறைய வழவழப்பானது. பிரம்மதண்டு விதையிலோ வலை போன்ற வரிகள் தெளிவாக உள்ளன. உருப்பெருக்கியால் நோக்கினால் வேறுபாடு புலப்படும்.

சொற்பொருள்: தரிசு – பயிரிடப்படாத நிலம், கேடு – தீங்கு.

விடை தருக: பிரம்மதண்டு விதையைக் கடுகிலிருந்து எவ்வாறு பிரித்தறியலாம்?