பேன் குடியிருப்பது பாயிலன்று, தலையில்

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரங்களில் ஒரு பெண்குழந்தையின் தலையில் பேன் இருப்பது தெரிந்துவிட்டால், அந்தத் தலையை முழுவதும் பார்த்து முடிப்பதற்கு முன்பே பாயும் தலையணையும் வாசலுக்கு வந்துவிடுகின்றன. போர்வைகள் அண்டாவில் கொதிக்கின்றன. சீப்பும் ரிப்பனும் குப்பைக்குப் போகின்றன. விடியற்காலையில் பட்டாசு ஆலைக்கு வேன் ஏற வேண்டிய தாய், அன்றைய கூலியை இழந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். பேன் பாயிலும் பஞ்சிலும் மாதக்கணக்கில் பதுங்கியிருந்து, சமயம் பார்த்துத் தலைக்கு ஏறும் என்ற நம்பிக்கையே இத்தனை சிரமத்திற்கும் காரணம். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை.

தலைப்பேன் மனித ரத்தத்தைத் தவிர வேறு ஆகாரம் அறியாத ஜீவன். நாளொன்றுக்குப் பல முறை ரத்தம் குடித்தாலன்றி அதனால் உயிர் தரிக்க முடியாது. ஆகவே தலையை விட்டு விழுந்த பேன் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்களுக்குள் மடிந்துபோகிறது; உஷ்ணமும் வறட்சியும் மிகுந்த இடங்களில் அதன் சரீரத்திலுள்ள ஈரம் விரைவில் வற்றிவிடுவதால் முடிவு இன்னும் சீக்கிரமே வருகிறது. நம் கரிசல் பூமியின் கோடை இவ்விஷயத்தில் நமக்கு அநுகூலமானதே. ஈரின் நிலையும் இத்தகையதுதான்: மண்டைத் தோலை ஒட்டிய மயிரில், அங்குள்ள கதகதப்பில் இருந்தால் ஏழு முதல் பத்து நாட்களில் பொரிக்கும், உதிர்ந்த மயிரோடு தலையணையில் கிடக்கும் ஈர் அந்தச் சூடு கிட்டாமையால் பொதுவாகப் பொரிப்பதில்லை. நாய், பூனை, ஆடு ஆகியவற்றின் மேலும் இப்பேன் வாழாது.

துணிமணிகளைப் பற்றிய அச்சத்திற்கு வேறோர் இடத்தில் நியாயம் உண்டு. துணியின் மடிப்புகளில் முட்டையிட்டு வாழும் உடற்பேன் என்று ஒன்று இருக்கிறது. டைபஸ் என்னும் விஷஜுரத்தை மனிதரிடையே பரப்புவது அதுதான் என்று துனிஸ் நகரில் சார்லஸ் நிக்கோல் 1909ஆம் ஆண்டு கண்டறிந்தார். அதற்காக 1928இல் நோபல் பரிசு பெற்றார். 1943-44 குளிர்காலத்தில் நேப்பிள்ஸ் நகரத்து மக்கள்மேல் டி.டி.டி. பொடியைத் தூவி அந்த ஜுரத்தை அடக்கியதும் உடற்பேனை ஒழித்தே. அங்கே உடைகளைக் கொதிக்க வைப்பது அவசியம். தலைப்பேனோ எந்த நோயையும் பரப்புவதாக அறியப்படவில்லை. அரிப்பினால் சொறிந்து புண்ணாவதே அதனால் வரும் பெரிய உபத்திரவம். ஆதலால் கடந்த இரண்டு நாட்களில் அக்குழந்தை உபயோகித்த தலையணை உறை, துண்டு, உடை ஆகியவற்றை நல்ல வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தி, சீப்பைக் கை பொறுக்காத சூடுள்ள நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்தால் போதும். துவைக்க முடியாத பொருளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் வைத்துவிடலாம். வீடு முழுவதும் பூச்சிமருந்து அடிப்பதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

பேன் தாவும் என்பாரும் உளர். எள் வியாபாரத்திற்கும் நல்லெண்ணெய்க்கும் பேர்பெற்ற விருதுநகரில், வளர்ந்த பேன் எள்ளளவினது என்றால் எவருக்கும் விளங்கும். அந்தச் சிறு பிராணிக்கு இறகும் இல்லை, தாவுவதற்கேற்ற காலும் இல்லை. மயிரைப் பற்றி ஊர்ந்து செல்வதொன்றே அது அறிந்த பிரயாணம். சீப்பு, துண்டு மூலம் அது பரவுவது அபூர்வம். நெருக்கியடித்து உட்கார்ந்து வரும் வேனில் தோழியின் தோளில் சாய்ந்து உறங்கும்போதும், ஒரே பாயில் அக்காளும் தங்கையும் படுக்கும்போதும், ஒரு கைப்பேசித் திரையைக் காண நான்கு சிறு தலைகள் கூடும்போதும்தான் அது தலைக்குத் தலை குடிபெயர்கிறது.

உடற்சூட்டினால் பேன் உண்டாகும், பொடுகு முற்றிப் பேனாகும், அழுக்குத் தலையில்தான் பேன் சேரும் என்பவை நம் பாட்டிமார் காலத்திலிருந்து வழங்கிவரும் அபிப்பிராயங்கள். பேனிட்ட ஈரிலிருந்தல்லாமல் பேன் பிறப்பதில்லை. தினமும் தலைக்குக் குளிக்கும் குழந்தையின் மயிரையும் அது அதே விருப்பத்தோடு பற்றிக்கொள்ளும். எனவே பேன் கண்ட சிறுமியை வகுப்பில் தனியே உட்கார வைப்பதும், எல்லோர் முன்னிலையிலும் ஏசுவதும், வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதும், அவள் அழ அழ மயிரைக் கத்தரிப்பதும் அநியாயம் என்றே சொல்வேன். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு முடியிறக்குவது பக்தியின்பாற்பட்டது; பேனுக்காக ஒரு பெண்குழந்தையை மொட்டையடிக்க அவசியமே இல்லை.

எல்லாவற்றிலும் கொடியது, சீமெண்ணெயைத் தலையில் ஊற்றுவது. அது தோலைப் புண்ணாக்கும். குழந்தையின் மூச்சுக்குள்ளோ வாய்க்குள்ளோ போய்விட்டால் நுரையீரலைக் கெடுக்கும். அடுப்பருகே சென்றால் தலையே பற்றிக்கொள்ளும். பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டி கொண்டுபோகலாகாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த ஊரில், பெற்ற மகளின் கூந்தலை நாமே திரியாக்கலாமா? எறும்புப் பொடி, வயலுக்குத் தெளிக்கும் மருந்து, கரப்பான் சாக்குக்கட்டி ஆகியவையும் விஷமே. அவற்றை ஒருபோதும் தலையில் தேய்க்க வேண்டாம்.

நிவாரணம் எளியது, பொறுமைதான் வேண்டும். மயிரை நனைத்து, எண்ணெயோ கண்டிஷனரோ தடவி, நெருங்கிய பற்களுள்ள பேன் சீப்பினால் அடியிலிருந்து நுனிவரை வாரி, ஒவ்வொரு வாருதலுக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை இரண்டு வாரம் இதைச் செய்யலாம். பெர்மெத்ரின் ஒரு சதவீத மருந்தானால் வைத்தியரையோ மருந்துக்கடைக்காரரையோ கேட்டு வாங்கி, ஒன்பதாம் நாள் மறுபடியும் பூச வேண்டும். முதல் பூச்சுக்குத் தப்பிய ஈர்கள் அதற்குள் பொரித்திருக்கும், அந்தக் குஞ்சுகள் இன்னும் ஈரிடும் பருவத்தை எட்டியிரா.

ஒருத்தி தலையை மட்டும் பார்த்துவிட்டு மற்றவர்களை விட்டுவிடுவதால்தான் பேன் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகையால் தாய்மார்களே, பாயை உதறும் நேரத்தை மிச்சப்படுத்தி, ஆலைக்கு விடுமுறையான ஒரு நாளில் மாமியார், மதினி, குழந்தைகள் என்று வீட்டிலுள்ள எல்லோர் தலையையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். அடுத்த வீட்டாரிடமும் கூசாமல் சொல்லி அவர்களையும் அதே நாளில் பார்க்கச் செய்யுங்கள்.