கோழி நொண்டினால் முதலில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்

உங்கள் கோழி இன்று காலை ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றதா? சுளுக்காக இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். அடிப்பாதத்தின் நடுவில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் வீக்கம், தொட்டால் சூடு: இது பம்பிள்ஃபுட் எனப்படும் பாதப் புண். சிமென்ட் தரையோ கம்பி வலையோ கருவேல முள்ளோ கீறிய இடத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா புகுந்துவிடுவதால்தான் பெரும்பாலும் வருகிறது. பொருக்கு சின்னதாக இருக்கும்வரை வீட்டிலேயே ஆற்றிவிடலாம். எலும்புக்கு இறங்கிவிட்டால் மருத்துவருக்கே சிரமம். ஒரு மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த பெட்டையைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியவை

• கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இந்த பாக்டீரியா உங்கள் கைக்கீறலிலும் புகும்.

• கோழியைத் துண்டில் சுற்றி, தலையையும் லேசாக மூடிக்கொள்ளுங்கள். கண் மறைந்தால் கோழி அடங்கிவிடும். மூக்கு மட்டும் வெளியே இருக்கட்டும்.

• வெதுவெதுப்பான தண்ணீரில் பேதி உப்பு கரைத்து 15 நிமிடம் காலை ஊற வையுங்கள். 2 லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி போதும். வீக்கம் தளரும், பொருக்கு இளகும். அந்தத் தண்ணீரைக் குடிக்க மட்டும் விடாதீர்கள். பேதி உப்பு என்ற பெயரே எதற்கென்று சொல்லிவிடுகிறது.

• நன்றாகத் துடைத்து, பெட்டாடினைத் தண்ணீர் கலந்து தடவுங்கள். பால் ஊற்றாத டீயின் நிறம் வந்தால் அளவு சரி.

• சுத்தமான காஸ் துணி வைத்து, விரல்களுக்கு இடையே கொடுத்துக் கட்டுங்கள். தினமும் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். நனைந்த கட்டு புண்ணை ஊறவைத்து அழுகச் செய்யும்.

• கட்டிய ஒரு மணி நேரம் கழித்து விரல்களைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றோ நீலமாகவோ இருந்தால் கட்டு இறுக்கம், உடனே தளர்த்துங்கள்.

• தனிக் கூண்டில், இரண்டு மூன்று அங்குலம் காய்ந்த நெல் உமி பரப்பி விடுங்கள். ஈரத் தரையில் விட்டால் நீங்கள் செய்த வைத்தியமெல்லாம் வீண்.

• ஏறி உட்காரும் கொம்பை ஒன்றரை அடிக்கு மேல் வைக்காதீர்கள், சிராய்ப்பில்லாமல் இழைத்துவிடுங்கள். உயரத்திலிருந்து தொப்பென்று குதிக்கும்போது கனத்த கோழியின் பாதம்தான் அடி வாங்குகிறது.

• முருங்கைக் கீரை போடுங்கள். வைட்டமின் ஏ குறைந்தால் பாதத்தோல் எளிதில் வெடிக்கும்.

செய்யக்கூடாதவை

• பிளேடால் கீறாதீர்கள். கோழியின் சீழ் தண்ணீராக வழிந்து வராது. கெட்டியாக, பன்னீர்த் துண்டு மாதிரி உள்ளே வேரோடியிருக்கும். அதைத் தேடி வெட்டும்போது தசைநார் அறுந்தால் விரல் மடங்காது. வலியும் ரத்தப்போக்கும் தனி. அறுக்க வேண்டுமென்றால் மரத்துப்போக ஊசி போட்டு, கால்நடை மருத்துவர் அறுக்கட்டும்.

• பிதுக்காதீர்கள். கிருமி இன்னும் ஆழமாகப் போகும்.

• மார்பை அழுத்திப் பிடிக்காதீர்கள், நெடுநேரம் மல்லாக்கப் போடாதீர்கள். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. மார்புக்கூடு அசைந்தால்தான் அதனால் மூச்சு விட முடியும்.

• சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அப்பாதீர்கள். சுண்ணாம்பு சதையைப் பொசுக்கும்; மஞ்சள் அடியில் என்ன நடக்கிறது என்பதை மறைத்துவிடும்.

• வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து ஏறிய கால்நடைகளின் உடலைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்து விழுந்ததால்தான் 2006-ல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தர இந்தியாவில் தடை வந்தது.

• ஆன்டிபயாடிக்கைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால், எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்று கேட்காமல் வராதீர்கள். குழந்தைகளுக்குத்தானே அந்த முட்டையை அவித்துக் கொடுக்கிறோம்.

• மற்ற கோழிகளோடு விடாதீர்கள். கட்டைக் கொத்திப் பிரித்துவிடும்.

• மூன்று நாள் வைத்தியத்தில் வீக்கம் வற்றவில்லை, கணுக்கால் வரை ஏறியது, இரண்டு கால்களிலும் வந்தது, இரை எடுக்கவில்லை: இதில் எது நடந்தாலும் காத்திருக்காதீர்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போக வழியில்லையா, 1962-க்குப் போன் செய்து கேளுங்கள்.