நீர்மூழ்கிக்குள் நடக்கலாம்

கேள்வி: ஏழாவது படிக்கும் மகள் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறாள். எங்கே அழைத்துப் போகலாம்?
– வாசகி, நெல்லித்தோப்பு, புதுச்சேரி

பதில்: விசாகப்பட்டினத்துக்குப் போங்கள். ராமகிருஷ்ணா கடற்கரையில் நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா, சோவியத் நாட்டில் கட்டியது. 1969-இல் நம் கடற்படையில் சேர்ந்து, 2001-இல் ஓய்வு பெற்று, மறு ஆண்டே அருங்காட்சியகமானது. நீளம் 91 மீட்டர். ஆனால் உள்ளே எதிரில் ஆள் வந்தால் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். அறைக்கு அறை வட்டத் திறப்பு வழியே குனிந்து, காலைத் தூக்கி வைத்து நுழையணும். புடவையைவிட சுடிதார் நல்லது. டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே படுக்கை! அங்கே மகளைச் சற்று நிற்க வையுங்கள். விளக்குபவர்கள் ஓய்வுபெற்ற கடற்படையினர், தாராளமாகக் கேள்வி கேட்கட்டும். திங்கட்கிழமை விடுமுறை. பிரான்சில் உறவினர் இருந்தால், செர்பூரில் அணுசக்தி நீர்மூழ்கி ‘லெ ரெதூத்தாப்ள்’ இருக்கிறது. அதையும் ஒருநாள் காட்டுங்கள்.