டூட்டிங்கில் தொடங்குங்கள்: லண்டன் மாணவரின் வார இறுதிகளுக்கு முழுமையான வழிகாட்டி

செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவமனை வளாகத்தில் படிக்க வருபவர்கள் டூட்டிங்கில் அறை எடுப்பது இயல்பு. நகர நடுவில் உள்ள கல்லூரிகளில் சேர்ந்த தமிழ் மாணவர்களும் இங்கே வந்து தங்குகிறார்கள். நார்தர்ன் லைன் ரயில் அருகிலேயே ஓடுகிறது. முருங்கைக்காயும் இட்லி அரிசியும் தெருமுனைக் கடையில் கிடைக்கின்றன. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் பலருக்கு வகுப்பு, வேலை, அறை என்ற வட்டத்திலேயே ஆண்டு ஓடிவிடுகிறது. முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஒரே ஆண்டு. திரும்பிப் போகும்போது லண்டனைப் பார்க்கவே இல்லை என்று வருந்துபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் கனக்கிறது.

இன்னொரு வகையினர், வந்த மாதமே பாரிஸுக்கு டிக்கெட் தேடுவார்கள். அதற்கும் அவசரம் இல்லை. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதலில் நடை, அடுத்து பஸ், பிறகு ரயில், கடைசியில் விசா.

படி 1: வேலை நேரத்தைக் கணக்கிடுங்கள்

பட்டப் படிப்புக்கான மாணவர் விசாவில் கல்வி நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். இங்கே வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் 16 மணி ஆகிவிட்டது. மேலாளர் கேட்டுக்கொண்டார் என்று அதே வார வெள்ளிக்கிழமை இன்னொரு முழு ஷிஃப்ட் எடுத்தால் 24. அது விசா விதியை மீறுவது. இரண்டு இடங்களில் வேலை பார்த்தாலும் மொத்தம் 20தான். சுயதொழில் கூடாது என்பதால், அடுத்தவர் கணக்கில் உணவு டெலிவரி செய்யும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

முதுநிலை மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோடை மாதங்கள் உங்களுக்குப் பெரும்பாலும் விடுமுறை அல்ல, ஆய்வேடு எழுதும் காலம். முழுநேர வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வேலையை முடிந்தவரை வார நாள் மாலைகளுக்கு மாற்றி, மாதத்தில் இரண்டு வார இறுதிகளையாவது காலியாக வையுங்கள். வாடகை நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 2: அட்டைகள்

16-25 ரயில்கார்டு முதலில் வாங்க வேண்டியது. 2025 மார்ச் முதல் ஆண்டுக்கு 35 பவுண்ட். ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 26 வயதைத் தாண்டியவர்களும் முழுநேர மாணவர் என்றால் வாங்கலாம். வாங்கியவுடன் டூட்டிங் பிராட்வே நிலையத்து ஊழியரிடம் சொல்லி ஆய்ஸ்டர் என்ற பயண அட்டையில் பதிந்துகொள்ளுங்கள். நெரிசல் இல்லாத நேரப் பாதாள ரயில் கட்டணத்திலும் அதே தள்ளுபடி கிடைக்கும். சனி, ஞாயிறு முழுவதுமே அப்படிப்பட்ட நேரம்தான். வங்கி அட்டையைத் தட்டிப் போனால் இந்தத் தள்ளுபடி வராது.

மாணவர்களுக்கான 18+ ஆய்ஸ்டர் வாராந்தர, மாதாந்தரப் பாஸ்களில் 30 சதவீதம் குறைக்கும். தினமும் நகருக்குள் போகிறவருக்கு லாபம். டூட்டிங்கிலேயே படிப்பவருக்குத் தேவைப்படாது.

பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். 2025 நிலவரப்படி ஒரு பயணம் 1.75 பவுண்ட். முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே கட்டணம். வெள்ளி, சனி இரவுகளில் நார்தர்ன் லைனில் விடிய விடிய ரயில் உண்டு, சேரிங் கிராஸ் வழியாக மட்டும். பேங்க் கிளையில் இராது.

படி 3: முதல் மாதம், நடந்து போகும் தூரம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டூட்டிங் காமனில் பார்க்ரன் நடக்கும். ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடந்தே முடித்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஊர் மக்களின் முகங்கள் பழக இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. அதே புல்வெளியின் ஓரத்தில் 1906இல் திறந்த லைடோ நீச்சல் குளம் இருக்கிறது. ஏறத்தாழ 91 மீட்டர் நீளம், திறந்தவெளி, தண்ணீரைச் சூடாக்குவதில்லை. கோடையில் போங்கள்.

பிறகு அப்பர் டூட்டிங் ரோடு. முத்துமாரி அம்மன் கோயில் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. இங்குள்ள தமிழ்க் கடைகளும் உணவகங்களும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர்களுடையவை. "எந்த இடம், தம்பி?" என்று கல்லாவில் இருப்பவர் கேட்டால் ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டு, அவருடைய ஊரையும் கேளுங்கள். எண்பதுகளில் இலங்கைப் போருக்குத் தப்பி வந்து இந்தத் தெருவைக் கட்டியெழுப்பிய தலைமுறை அது. தமிழ்நாட்டிலிருந்து வரும் மாணவர்கள் கொத்து ரொட்டியை மட்டும் ருசித்துவிட்டு அந்த வரலாற்றைக் கேட்காமல் போவது பெரிய இழப்பு.

டூட்டிங் மார்க்கெட் 1930களின் கூரைச் சந்தை. மிச்சம் ரோட்டில் 1931இல் திறந்த கிரனாடா திரையரங்கு இப்போது பிங்கோ விளையாடும் கூடம். உள்ளே தேவாலயம் போன்ற வேலைப்பாடு. இங்கிலாந்தில் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறிய முதல் சினிமா கொட்டகை இதுதான்.

ஞாயிறு மதியத்துக்கு வாண்டில் நதியோரம் நடக்கலாம். கொலியர்ஸ் வுட் வரை போய் ஆற்றைப் பிடித்தால், மெர்ட்டன் ஆபி மில்ஸ் தாண்டி மோர்டன் ஹால் பார்க் வரும். 1881இல் வில்லியம் மோரிஸ் துணி அச்சிடும் பட்டறை வைத்தது இந்த ஆற்றங்கரையில்தான். பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. திரும்ப மோர்டனில் ரயில் ஏறினால் சில நிறுத்தங்களில் வீடு.

பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும் என்பதால் வாரச் சாமான்களைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

படி 4: ஒரே பஸ்ஸில் ராமானுஜனிடம்

டூட்டிங் பிராட்வேயிலிருந்து 270ஆம் எண் பஸ் ஏர்ல்ஸ்ஃபீல்டு, வாண்ட்ஸ்வொர்த் வழியாகப் பட்னிக்குப் போகிறது. பட்னியில் இறங்கி அப்பர் ரிச்மண்ட் ரோட்டில் மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் கொலினெட் ரோடு. 1919இல் இந்தியா திரும்புவதற்கு முந்தைய மாதங்களில் கணித மேதை ராமானுஜன் நோயாளியாக இருந்த மருத்துவ இல்லம் இந்தத் தெருவில் இருந்தது. அவரைப் பார்க்கக் கணிதவியலாளர் ஹார்டி வந்த டாக்ஸியின் எண்ணைக் கேட்டு, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் 1729 என்று ராமானுஜன் சொன்னது பட்னியில்தான். பள்ளிப் பாடத்தில் படித்த அந்தக் கதை நடந்த இடம் உங்கள் அறையிலிருந்து ஒரு பஸ் தூரம்.

முதல் உலகப் போரின் நடுவே, சைவச் சாப்பாட்டுக்காகக் கேம்பிரிட்ஜ் அறையில் தானே சமைத்துக்கொண்டவர் அவர். புளியும் பருப்பும் வாங்கிவிட்டு அப்பர் டூட்டிங் ரோட்டில் நடக்கும் மாணவர் அந்தத் தெருவில் ஒரு முறையாவது போய் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

493ஆம் எண் பஸ் விம்பிள்டன் டென்னிஸ் மைதானத்தைத் தொட்டு ரிச்மண்ட் போகும். ஜூன் கடைசியில் போட்டி தொடங்கும்போது அதிகாலையிலேயே வரிசையில் நின்றால் அன்றைய நுழைவுச் சீட்டு வாங்க வாய்ப்பு உண்டு. மற்ற மாதங்களில் ரிச்மண்ட் பூங்காவின் மான்களைப் பார்க்கலாம்.

படி 5: நார்தர்ன் லைனின் மறுபக்கம்

ஹை பார்னெட் போகும் ரயிலில் ஏறி ஹைகேட்டில் இறங்குங்கள். ஆர்ச்வே ரோட்டில் முருகன் கோயில். அருகே குரோம்வெல் அவென்யூவில் 65ஆம் எண் வீடுதான் 1905இல் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா தொடங்கிய இந்தியா ஹவுஸ். இந்திய மாணவர் விடுதியாக இருந்தது. பாரிஸ்டர் படிப்புக்கு வந்த வ.வே.சு. ஐயர் இங்கேதான் புரட்சியாளர்களோடு சேர்ந்தார். 1910இல் போலீசிடம் சிக்காமல் லண்டனை விட்டுத் தப்பிப் புதுச்சேரி போய்ச் சேர்ந்தார். இப்போது யாரோ குடியிருக்கும் வீடு. வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள்.

மழை நாளுக்கு அருங்காட்சியகங்கள். பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் சவுத் கென்சிங்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. இரண்டிலும் சோழர் கால நடராசர் உண்டு. ஒரே நாளில் இரண்டையும் முடிக்க நினைக்காதீர்கள்.

படி 6: பகல் பயணம்

முதல் பயணத்துக்கு ஆக்ஸ்போர்டைத்தான் சொல்வேன். பாடிங்டனிலிருந்தோ மேரில்போனிலிருந்தோ ரயில், விக்டோரியாவிலிருந்து பஸ். ஜெரிக்கோ பகுதியில் வால்டன் தெருவை ஒட்டிய செயின்ட் செபல்கர்ஸ் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஜி.யு. போப்பின் கல்லறை இருக்கிறது. 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்து 1908இல் மறைந்தார். அந்தக் கல்லை நாட்டியதில் அவருடைய தமிழ் நண்பர்களுக்கும் பங்கு உண்டு. பக்கத்திலேயே ஆஷ்மோலியன் அருங்காட்சியகம், அதற்கும் கட்டணம் இல்லை. கும்பகோணம் அருகே சுந்தரப்பெருமாள்கோயிலிலிருந்து போன திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனியை 1967இல் இது ஏலத்தில் வாங்கியது. 2024இல் அதை இந்தியாவிடம் திருப்பித் தர ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் இசைந்தது.

கேம்பிரிட்ஜுக்கு கிங்ஸ் கிராஸில் ரயில். டிரினிட்டி கல்லூரியின் ரென் நூலகத்தில் ராமானுஜனின் கையெழுத்துப் படிகள் பாதுகாக்கப்படுகின்றன. கடல் வேண்டும் என்றால் கிளாப்ஹம் ஜங்ஷனிலிருந்து பிரைட்டன். அங்கே மணல் கிடையாது, கூழாங்கல்தான். நல்ல செருப்போடு போங்கள்.

டிக்கெட்டை ரயில் நிறுவனத்தின் தளத்திலேயே வாங்கினால் முன்பதிவுக் கட்டணம் இல்லை. மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து போனால் தென்கிழக்கு இங்கிலாந்தின் பல ரயில்களில் குரூப்சேவ் தள்ளுபடி உண்டு. ரயில்கார்டு இல்லாத நண்பர்களுக்கு அது உதவும். ஞாயிறுகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திப் பஸ் விடுவார்கள். சனி இரவே பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் தாமதமானால் டிலே ரீபே என்ற பெயரில் பணம் திரும்பக் கிடைக்கும். மாணவர்கள் பலர் கேட்பதே இல்லை. கேளுங்கள்.

டிசம்பரில் நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். மலையேற்றம், கடலோர நடை எல்லாவற்றையும் ஏப்ரலுக்குத் தள்ளி, குளிர்காலத்துக்கு அருங்காட்சியகம் உள்ள ஊர்களை வையுங்கள்.

படி 7: இரவு தங்கும் பயணம்

எடின்பரோவுக்குக் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் நாலரை மணி நேரம். அட்வான்ஸ் டிக்கெட்டுகள் ஏறத்தாழ 12 வாரம் முன்பே வரும், மலிவானவை சீக்கிரம் தீரும். விக்டோரியா கோச் நிலையத்திலிருந்து இரவுப் பஸ்ஸும் உண்டு. டூட்டிங்கிலிருந்து அங்கே போக ஸ்டாக்வெல்லில் எதிர்ப்பக்க ரயிலுக்கு மாறினால் போதும். இரவுப் பஸ் போகும்போது சரி. ஞாயிறு இரவு அதில் திரும்பி திங்கள் காலை வகுப்புக்குப் போகலாம் என்று திட்டமிடாதீர்கள். வருகைப் பதிவு உங்கள் விசாவோடு பிணைந்தது.

படி 8: எல்லை தாண்டும் முன்

பிரிட்டன் விசா ஐரோப்பாவுக்குச் செல்லாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு, தங்குமிடப் பதிவு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதமாவது பிரிட்டன் விசா மிச்சம் இருக்க வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்ப்பார்கள். அதனால் படிப்பு முடிந்தபின் ஐரோப்பா என்று தள்ளிப்போடாதீர்கள். ஈஸ்டர் விடுமுறைக்கு ஜனவரியிலேயே நேரம் பதிவு செய்வது நல்லது.

பாரிஸ் என்றால் செயின்ட் பான்கிராஸில் யூரோஸ்டார். இறங்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் லா ஷாப்பல். இன்னொரு டூட்டிங்கைப் பார்த்த மாதிரி இருக்கும். கோடை முடிவில் மாணிக்கப் பிள்ளையார் தேர் அந்தத் தெருக்களில்தான் ஓடுகிறது.

அயர்லாந்தில்தான் பலர் தவறுகிறார்கள். பெல்ஃபாஸ்ட் பிரிட்டனுக்குள் இருக்கிறது, தாராளமாகப் போகலாம். அங்கிருந்து டப்ளினுக்கு ரயில் ஏறும்போது கடவுச்சீட்டு பார்க்கும் வாசல் கண்ணில் படாது. ஆனாலும் டப்ளின் வேறு நாடு. பிரிட்டன் மாணவர் விசாவோடு அங்கே போக அயர்லாந்து விசா தனியே வேண்டும்.

பிரிட்டனைவிட்டு வெளியே போகும் முன், இணையத்தில் உள்ள உங்கள் இ-விசா கணக்கு கையில் இருக்கும் கடவுச்சீட்டோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

படி 9: கிறிஸ்துமஸ் வாரம்

டிசம்பர் 25 அன்று லண்டனில் பாதாள ரயில், பஸ், ரயில் எதுவும் ஓடாது. 26ஆம் தேதியும் ரயில்கள் மிகக் குறைவு. ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ உறவினர் வீட்டுக்கு அழைப்பு இருந்தால் 24ஆம் தேதி மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். இரண்டு இரவு தங்குவீர்கள் என்பதை முன்பே சொல்லி வையுங்கள்.