மூன்று நாள் விடுமுறையில் கச்சித் தரிசனம்



ஆண்டில் சில முறை வெள்ளிக்கிழமையிலோ திங்கட்கிழமையிலோ அரசு விடுமுறை அமைந்து, சனி, ஞாயிறுடன் சேர்ந்து மூன்று நாள் ஓய்வு கிடைக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வாழும் குடும்பத்தினர் பலர் அந்நாள்களில் காஞ்சி மாநகருக்குச் சென்றுவர விழைகின்றனர். பூவிருந்தவல்லியிலிருந்து காஞ்சிபுரம் 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆகவே, "ஒரே நாளில் பத்துக் கோயில்" என்று வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு புறப்படுவதும் வழக்கமாகிவிட்டது.

அவ்வாறு சென்று வந்தவர்கள் அறிந்த காட்சி ஒன்று உண்டு. காலையில் மூன்று கோயில்களை ஓட்டமும் நடையுமாகப் பார்த்து முடிப்பர். நான்காம் கோயிலை அடையும்போது நடை சாற்றியிருப்பார்கள். நண்பகல் வெயிலில் கல்தளம் காலைச் சுடும். மாலையில் வரதராசப் பெருமாள் கோயிலுக்கு வந்து சேரும்போது, அப்பெருமாளைச் சேவிக்க வேண்டுமென்று பல்லாண்டுகளாக எண்ணியிருந்த பாட்டியார், "முழங்கால் இனி இடங்கொடாது. நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று வண்டியிலேயே அமர்ந்துவிடுவார். எவருக்காகப் பயணம் புறப்பட்டோமோ, அவருக்குத் தரிசனம் இல்லை.

இக்குறை நேராதவாறு மூன்று நாள் பயணத்தை எங்ஙனம் அமைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதற்கு வழிகாட்ட வெளியூர் செல்ல வேண்டியதில்லை. நம் பகுதியிலேயே காஞ்சியுடன் நெருங்கிய தொடர்புடைய மூன்று திருத்தலங்கள் உள்ளன. அவை திருநின்றவூர், மாங்காடு, பூவிருந்தவல்லி.

முதலில் மனத்தில் செல்க

ஆவடிக்கு மேற்கே உள்ள திருநின்றவூரில் வாழ்ந்தவர் பூசலார் நாயனார். இறைவனுக்குக் கோயில் எழுப்ப விரும்பிய அவரிடம் பொருள் இல்லை. எனவே மனத்தினுள்ளேயே கோயில் கட்டத் தொடங்கினார். கல்லும் மரமும் சேர்த்தார். தச்சரைத் தேடினார். நல்ல நாளில் கால்கொண்டார். அடிநிலை முதல் சிகரம் வரை படிப்படியாக அமைத்தார். குளமும் கிணறும் மதிலும் கூட மறவாமல் முடித்து, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தாம் எழுப்பிய கற்றளிக்குக் குடமுழுக்கு நிகழ்த்தக் காடவர் கோமானாகிய பல்லவ மன்னனும் ஏற்பாடு செய்திருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, "நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலில் நாளை நாம் புகுவோம். நீ வேறு நாள் கொள்க" என்று பணித்தருளினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு.

இவ்வரலாற்றை நாம் பக்தியின் பெருமைக்காகவே நினைவுகூர்கிறோம். அதில் இன்னொரு பாடமும் அடங்கியுள்ளது. பூசலார் மனக்கோயிலை ஒரு நொடியில் கட்டி முடித்தாரல்லர். எது முன், எது பின் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் செய்தார். நம் பயணத்தையும் அவ்வாறே முதலில் மனத்தில் நடத்திப் பார்த்தல் வேண்டும்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே குடும்பத்தார் ஒருநாள் ஒன்றாக அமர்க. ஒவ்வொருவரும் தாம் காண விரும்பும் ஒரே ஒரு சந்நிதியைச் சொல்லட்டும். வயதில் மூத்தவர் சொல்வதை முதலில் எழுதுக. காஞ்சிக் கோயில்களில் பெரும்பாலானவை நண்பகலில் நடை சாற்றப்பெற்று மாலை 4 மணியளவில் மீண்டும் திறக்கப்பெறும். ஆகவே ஒரு நாளில் தரிசனத்திற்குரிய பொழுதுகள் காலை ஒன்று, மாலை ஒன்று என இரண்டே. ஒரு பொழுதுக்கு ஒரு பெருங்கோயில் என்று வகுத்துக்கொள்க. அதன் அருகே சிறு கோயில் இருந்தால், உடலும் பொழுதும் இடங்கொடுத்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

காஞ்சியில் மட்டும் பாடல் பெற்ற சிவத்தலங்கள் 5, திவ்விய தேசங்கள் 14 உள்ளன. அனைத்தையும் ஒரே பயணத்தில் காண வேண்டும் என்னும் நியதி இல்லை. ஆயினும் ஒன்று அறிக. உலகளந்த பெருமாள் கோயில் ஒன்றினுள்ளேயே நான்கு திவ்விய தேசங்கள் அடங்கியுள்ளன. ஏகாம்பரநாதர் கோயிலினுள் நிலாத்திங்கள் துண்டமும், காமாட்சியம்மன் கோயிலினுள் திருக்கள்வனூரும் உள்ளன. இம்மூன்று கோயில்களில் நிதானமாக நின்றாலே ஆறு திவ்விய தேசங்களைச் சேவித்த பேறு கிட்டும்.

விடுமுறையுடன் முகூர்த்த நாளும் சேர்ந்தால், பட்டெடுக்க வருவோரும் திருமணத்திற்கு வருவோரும் நகரில் நிறைவர். தங்குமிடத்தை முன்னரே உறுதி செய்துகொள்க. பங்குனி உத்திரப் பெருவிழாவும், வைகாசியில் வரதரின் கருட சேவையும் காணக் கிடைக்காதவை. எனினும் முதியோரையும் கைக்குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர் அந்நாள்களைத் தவிர்த்தல் நலம்.

முதல் நாள்: மாங்காட்டிலிருந்து ஏகம்பம்

முதல் நாள் காலையில் நேரே காஞ்சிக்கு விரைய வேண்டா. பூவிருந்தவல்லிக்கு அண்மையில் உள்ள மாங்காட்டில் அருள்மிகு காமாட்சியம்மனைத் தரிசித்துப் பயணத்தைத் தொடங்குக. இறைவன் திருக்கண்களை விளையாட்டாக மூடியதால் உலகம் இருண்டது. அக்குறை தீர அம்மை மாங்காட்டில் ஐந்தழல் நடுவே நின்று தவமியற்றி, பின்னர் காஞ்சி சென்று இறைவனை அடைந்தாள் என்பது தல வரலாறு. அம்மையே சென்ற வழியில் நாமும் செல்கிறோம் என்னும் எண்ணம் பிள்ளைகளுக்குப் பயணத்தின் பொருளை உணர்த்தும்.

பூவிருந்தவல்லியிலிருந்து காஞ்சிக்குப் பேருந்து வசதி உண்டு. இரயிலில் செல்ல விரும்பும் அம்பத்தூர், ஆவடி அன்பர்கள் அரக்கோணம் சென்று, அங்கிருந்து செங்கற்பட்டு மார்க்கத்தில் காஞ்சி அடையலாம். அம்மார்க்கத்தில் வண்டிகள் குறைவாதலின் நேரத்தை முன்பே கேட்டறிக.

நண்பகலில் காஞ்சியை அடைந்து, உணவு கொண்டு, ஓய்வெடுத்த பின் மாலையில் அருள்மிகு ஏகாம்பரநாதர் கோயிலுக்குச் செல்க. ஐம்பூதத் தலங்களுள் இது நிலத்தின் தலம். அம்மை மணலால் அமைத்து வழிபட்ட இலிங்கமாதலின் இலிங்கத் திருமேனிக்கு நீராட்டு நிகழ்வதில்லை. வெள்ளம் பெருகி வந்தபோது அம்மை இலிங்கத்தை மார்போடு அணைத்துக் காத்தமையால் இறைவனுக்குத் தழுவக்குழைந்த நாதர் என்னும் திருநாமம் வழங்குகிறது. தெற்கு வாயிலில் விண்ணளாவி நிற்கும் இராசகோபுரம் கிருஷ்ணதேவராயர் 1509ஆம் ஆண்டில் எழுப்பியது. நீண்ட திருச்சுற்றைப் பெரியவர்கள் இடையிடையே அமர்ந்து கடக்கலாம். உட்காரத் திண்ணையில்லாத மண்டபம் எதுவும் அங்கில்லை எனலாம்.

முதல் நாள் வெள்ளியாயின் காமாட்சியம்மன் சந்நிதியில் கூட்டம் மிகும். ஆதலின் அம்மன் தரிசனத்தை மறுநாள் மாலைக்கு வைத்துக்கொள்வதே தக்கது.

இரண்டாம் நாள்: கற்றளியும் காமகோட்டமும்

இரண்டாம் நாள் காலை, வெயில் ஏறுமுன் அருள்மிகு கைலாசநாதர் கோயிலை அடைக. பூசலாருக்காக இறைவன் குடமுழுக்கு நாளை மாற்றிக்கொள்ளச் சொன்ன கற்றளி இதுவே என்பது மரபு. இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்கல்லால் எழுப்பிய கோயில் இது. இங்குள்ள வடமொழிக் கல்வெட்டொன்று அம்மன்னனை அசரீரி வாக்கைக் கேட்டவன் என்று புகழ்கிறது. பூசலார் வரலாற்றையே அது குறிப்பதாக அறிஞர் சிலர் கருதுவர்.

கருவறையில் பதினாறு பட்டைகளுடைய இலிங்கத் திருமேனியாக இறைவன் காட்சியளிக்கிறான். சுற்று மதிலை ஒட்டி 58 சிறு கோயில்கள் வரிசையாக உள்ளன. சிலவற்றில் பல்லவர் கால ஓவியங்களின் எச்சம் இன்றும் தெரிகிறது. கை படாமல், விளக்குப்புகை படாமல் அவற்றைக் காத்தல் நம் கடன். கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய வழியில் தவழ்ந்தே நுழைந்து வெளிவர வேண்டும். முதியோர் அதற்கு முயல வேண்டா. வெளித் திருச்சுற்றை வலம் வருதலே போதும்.

பூசலாரின் கோயிலுக்கு ஒரு கல்லும் வேண்டியிருக்கவில்லை. மன்னனின் கோயிலோ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிற்கிறது. திருநின்றவூர் இருதயாலீசுவரரை முன்னரே தரிசித்தவர்கள் இங்கு நிற்கும்போது இரு கோயில்களும் ஒன்றையொன்று விளக்குவதை உணர்வார்கள்.

நண்பகலில் ஓய்வு கொள்க. இப்பொழுதைப் பட்டு நெசவைக் காணப் பயன்படுத்தலாம். உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைக்கும் கோர்வை முறை காஞ்சிப் பட்டின் சிறப்பு. தறியருகே சிறிது நேரம் நின்றால் ஒரு சேலைக்குப் பின் உள்ள உழைப்புப் புரியும். ஆனால் காலைத் தரிசனத்திற்குமுன் கடைக்குள் நுழைந்தால் அந்தக் காலைப்பொழுது மீளாது.

மாலையில் அருள்மிகு காமாட்சியம்மனைத் தரிசிக்கலாம். அம்மை இங்குப் பத்மாசனத்தில் வீற்றிருந்து அருள்பாலிக்கிறாள். மாங்காட்டில் தவக்கோலம் கண்ட கண்களுக்கு இவ்வமர்ந்த கோலம் தனி நிறைவைத் தரும். அண்மையிலேயே உலகளந்த பெருமாள் கோயிலும், கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய குமரகோட்டமும் உள்ளன. இயன்றவர் இவற்றையும் தரிசிக்கலாம். இயலாதவர் அம்மன் சந்நிதியிலேயே அமர்ந்திருப்பதால் குறையொன்றுமில்லை.

மூன்றாம் நாள்: நம்பிகள் நடந்த வழி

மூன்றாம் நாள் காலை முழுவதையும் அருள்மிகு வரதராசப் பெருமாளுக்கே வைத்துக்கொள்க. பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள், தம் ஊரில் நந்தவனம் அமைத்து, மலர் பறித்து மாலையாக்கி, காஞ்சிக்கு நடந்தே சென்று பேரருளாளனுக்குச் சாத்தியவர். திருவாலவட்டம் வீசுதலையே தம் கைங்கரியமாகக் கொண்டவர். பெருமாள் அவருடன் உரையாடினார் என்றும், இராமானுசர் தம் ஐயங்களை அவர் வழியாகவே விண்ணப்பித்து ஆறு வார்த்தைகளை விடையாகப் பெற்றார் என்றும் குருபரம்பரை கூறும்.

நம்பிகளுக்குக் காஞ்சியின் மற்றக் கோயில்கள் தெரியாதவையல்ல. ஆயினும் ஒரே சந்நிதியில் ஒரே தொண்டைச் செய்து நின்றார். நாம் எத்தனை கோயில் பார்த்தோம் என்று எண்ணும்போது அவரை நினைத்துக்கொள்வது நல்லது.

பெருமாள் எழுந்தருளியுள்ள அத்திகிரியை அடைய 24 படிகள் ஏற வேண்டும். பெரியவர்களைக் கைப்பிடித்து, அவசரமின்றி ஏற்றுக. முதலில் பெருமாளைச் சேவித்துவிட்டு, பின்னர் தாயார் சந்நிதி, பல்லி உருவங்கள், கற்சங்கிலி தொங்கும் நூற்றுக்கால் மண்டபம் ஆகியவற்றைக் காண்க. திருக்குளத்தினுள் சயனித்திருக்கும் அத்திவரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவந்து 48 நாள் காட்சி தருவார். 2019இல் எழுந்தருளிய அவர் இனி 2059இல் எழுந்தருள்வார். குளக்கரையில் நின்று இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் அன்று தம் பிள்ளைகளுடன் வருவார்கள்.

மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மூங்கில் குடலையில் வேகவைத்த கோயில் இட்டலியைப் பிரசாதமாகப் பெற்று உண்டபின் ஊர் திரும்பலாம். மாலையில் பூவிருந்தவல்லி வரதராசப் பெருமாள் கோயிலில் இறங்கி, திருக்கச்சி நம்பிகள் சந்நிதியில் வணங்கிப் பயணத்தை நிறைவு செய்க.

வர இயலாதவர்க்கு

முதுமையால் காஞ்சிவரை வர இயலாத பெரியவர் வீட்டில் இருக்கக்கூடும். நம்பிகளுக்கும் அந்நாள் வந்தது. நடக்க இயலாமற்போன அடியவருக்கு வரதர் தாமே பூவிருந்தவல்லிக்கு எழுந்தருளிக் காட்சி கொடுத்தார் என்பது அத்தலத்தின் ஐதீகம். ஆகவே வர இயலாத பெரியவரை ஒரு மாலைப்பொழுது அங்கே அழைத்துச் செல்லுங்கள். காஞ்சியில் கண்டவற்றை அவரருகில் அமர்ந்து ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். பூசலார் கட்டியதுபோல் அவரும் தம் உள்ளத்தில் அக்கோயில்களைக் கட்டிக்கொள்வார்.

நாயனாரின் குருபூசை ஐப்பசி அனுடத்திலும், நம்பிகளின் திருநட்சத்திரம் மாசி மிருகசீரிடத்திலும் வருகின்றன. அடுத்த விடுமுறைப் பயணத்தைத் திட்டமிடத் தொடங்க அவ்விரு நாள்களும் உகந்தவை. கோயில்களின் எண்ணிக்கையைக் குறைத்து, நிற்கும் பொழுதைக் கூட்டி, மூத்தவரின் நடைக்கு நம் நடையை இசைத்துச் சென்று, கச்சி நகர்த் தெய்வங்களின் திருவருளைக் குடும்பத்துடன் பெற்று மகிழ்வோமாக!